கிளை பிரியும் இடத்தில் நிற்பவள்

எங்கள் கல்லூரித் தமிழ்த்துறையில் ‘கணினித் தமிழ்’ என்றொரு தாள் உண்டு. அதை நடத்துகிறவள் நான் என்பதால், கணினித் துறைத் தோழி ஒருத்தி கலைச்சொல் கேட்டு அவ்வப்போது வருவாள். ஒருமுறை அவள் கொண்டுவந்த சொல் ‘மல்டிகாஸ்ட்’. ஒருவர் அனுப்புவதை, கேட்க விரும்பும் பலருக்கு மட்டும் கொண்டு சேர்ப்பது என்று விளக்கினாள். “சரி, பல பேருக்குப் போகணும்னா பல படி வேணுமே. யார் படியெடுக்கிறாங்க?” என்றேன். ஓலைப்படி, பாடபேதம் என்று முனைவர் பட்டக் காலம் முழுக்க உட்கார்ந்திருந்தவளுக்கு வேறென்ன கேட்கத் தோன்றும்? “அதுதான்ப்பா சண்டையே” என்றாள்.

அந்தச் சண்டையின் வரலாற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். வலைப்பின்னலின் நடுவே இருக்கும் ரூட்டர்கள் படியெடுக்க வேண்டுமா, இரண்டு முனைகளிலும் இருக்கும் நம் கணினிகளும் கைபேசிகளும் படியெடுக்க வேண்டுமா என்பது கேள்வி. கேட்பதற்குப் பொறியாளர்களின் உள்வீட்டு விவகாரம் போலத் தெரியும். படியெடுப்பது ஒரு வேலை, வேலை என்றால் அது யாரோ ஒருவர் தலையில் விழும் என்று பார்த்தால், அது நம் விவகாரமாகவும் ஆகிவிடுகிறது.

சத்திரம் பேருந்து நிலையத்தை வைத்துச் சொன்னால் எளிதாக இருக்கும். நிலையத்தில் ஒருத்தி கையில் ஒரு துண்டறிக்கை இருக்கிறது. ஸ்ரீரங்கம் தீவில் முப்பது வீடுகளில் இருப்பவர்கள் அதைக் கேட்டிருக்கிறார்கள். முதல் வழி: அவளே முப்பது படி எழுதி, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு ஆள் கையில் கொடுத்து ஒன்றாம் நம்பர் பேருந்தில் ஏற்றிவிடுவது. ஒரே எழுத்து, முப்பது தடவை, அதே காவிரிப் பாலத்தைக் கடக்கிறது. பாலம் நெரிகிறது, எழுதுகிறவள் கை வலிக்கிறது. இதற்குப் பெயர் யூனிகாஸ்ட்.

இரண்டாவது வழி: ஒரே ஒரு படியை நடத்துநரிடம் கொடுப்பது. பாலத்தை ஒருமுறைதான் கடக்கும். மாம்பழச்சாலையில் இறங்கியதும் அவர் இரண்டு படி எடுத்து, ஒன்றை அம்மா மண்டபம் பக்கமும் ஒன்றைத் திருவானைக்காவல் பக்கமும் அனுப்புவார். அடுத்த முக்கில் இன்னொரு பணியாளர் மறுபடி எடுப்பார். பாதை எங்கே பிரிகிறதோ அங்கே மட்டும் படி. இதைவிடச் சிக்கனம் கிடையாது. ஆனால் எந்தத் தெருவில் எந்த அறிக்கையை யார் கேட்டிருக்கிறார்கள் என்று நடத்துநர் நினைவில் வைத்திருக்க வேண்டும். ஆயிரம் அறிக்கை என்றால் ஆயிரம் பட்டியல். போக்குவரத்துக் கழகம் கேட்கும்: இதற்கெல்லாம் டிக்கெட் யார் எடுத்தது?

மூன்றாவது வழி: நடத்துநருக்கு எதுவுமே தெரிய வேண்டாம். துண்டறிக்கையைக் கீழச் சித்திரை வீதியில் ஒருத்திக்கு அனுப்பினால், அவள் நாலு படி எழுதி நாலு பேருக்கு அனுப்புவாள். அந்த நாலு பேர் மீதிப் பேருக்கு. பேருந்துக்கு இவர்கள் வெறும் பயணிகள். இடையில் சில படிகள் வீண் அலைச்சல் அலையும். தெப்பக்குளத்துத் தோழி வழியாக வரும் ஒன்று பாலத்தை மறுபடி கடக்கும். கடைசி வீட்டுக்குச் சற்றுத் தாமதமாகச் சேரும். ஆனால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், இன்றைக்கே தொடங்கிவிடலாம்.

இந்த மூன்றாவது வழிதான் முனைக்கணினி மல்டிகாஸ்ட். வளைகாப்புக்கும் நவராத்திரிக் கொலுவுக்கும் கூப்பிடப் போகும் நம் பெண்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். “நீ வடக்கு உத்திர வீதியை முடிச்சிரு, நான் மேலச் சித்திரை வீதியைப் பாத்துக்கறேன், அக்கா வீட்டுல சொன்னா அவங்க மாடியில சொல்லிடுவாங்க” என்று குங்குமச் சிமிழோடு கிளம்புகிறவர்கள் போட்டுக்கொள்ளும் கணக்கு இதே கணக்குதான். அதை யாரும் நெறிமுறை என்று சொன்னதில்லை, அவ்வளவே.

ஸ்ரீரங்கத்தைச் சொன்னபிறகு இன்னொன்றையும் சொல்லாமல் போக முடியாது. ராமானுசருக்கு முன்பு வைணவ உபதேசம் ஒரு ஆசிரியரிடமிருந்து ஒரே ஒரு மாணவருக்கு என்று வந்தது; அதற்கு ‘ஓராண் வழி’ என்று பெயர். யூனிகாஸ்டுக்கு இதைவிட நல்ல தமிழ் எனக்குத் தெரியவில்லை. திருக்கோட்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்து பெற்ற மறைபொருளை ராமானுசர் கோயிலில் ஏறி நின்று எல்லோருக்கும் உரக்கச் சொன்னார் என்பது மரபு. பிறகு 74 சிம்மாசனாதிபதிகளை நியமித்தார் என்றும் அதே மரபு சொல்கிறது. முதலில் ஒற்றைக் கம்பி, பிறகு ஊருக்கெல்லாம் ஒலிபரப்பு, பிறகு கிளை கிளையாகப் பிரியும் மரம். வழியின் பெயரிலேயே ஆண் உட்கார்ந்திருப்பதை மட்டும் ஓரமாகக் குறித்துவைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

மரம் என்று சொன்னேன். வலைப்பின்னல் வரலாற்றில் அந்த மரத்தை நட்டவர்களில் முக்கியமானவர் ஒரு பெண். ரேடியா பெர்ல்மன், 1951இல் பிறந்தவர், டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அலுவலகக் கணினி வலைகள் ஒன்றோடொன்று பல வழிகளில் இணைக்கப்பட்டிருந்தால், எல்லோருக்கும் என்று அனுப்பிய ஒரு செய்தி வட்டமடித்து வட்டமடித்துப் பெருகி வலையையே முடக்கிவிடும். வட்டமே இல்லாத ஒரு மரத்தை, மேலே யாரும் உட்கார்ந்து வரைந்து கொடுக்காமல், கருவிகளே தங்களுக்குள் பேசித் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் வழியை அவர் கண்டார். 1985இல் வெளிவந்த அந்தக் கட்டுரையில் அவர் ஒரு கவிதையும் சேர்த்திருந்தார். மரத்தைப் பற்றிய புகழ்பெற்ற ஆங்கிலக் கவிதை ஒன்றைக் கிண்டலாகத் திருப்பிப்போட்டது அது. பொறியியல் கட்டுரையைக் கவிதையில் சொல்லத் துணிந்தவர் என்பதாலேயே எனக்கு அவர்மேல் தனிப் பிரியம். ‘இணையத்தின் தாய்’ என்று பத்திரிகைகள் சூட்டும் பட்டத்தை அவர் விரும்புவதில்லை. நாலு ஆண்கள் ‘தந்தை’களாக இருக்கிறார்களே, ஒரு தாய் வேண்டாமா என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது.

பெர்ல்மன் நட்டது எல்லோருக்கும் போகும் மரம். கேட்பவர்களுக்கு மட்டும் போகும் மரத்தை இணையம் முழுவதற்கும் திட்டமிட்டவர் ஸ்டீவ் டீரிங். அவர் ஸ்டான்ஃபோர்டில் ஆய்வு மாணவராக இருந்தபோது வளர்ந்த யோசனை, 1989இல் இணையத் தர ஆவணமாக வந்தது. ஒரு குழுவுக்கு ஒரு முகவரி; அனுப்புகிறவர் ஒரே ஒரு படியை அந்த முகவரிக்கு அனுப்பினால் போதும்; யார் கேட்கிறார்கள் என்பதை ரூட்டர்கள் பார்த்துக்கொள்ளும். நம் இரண்டாவது வழி. 1992 மார்ச்சில் சான் டியாகோவில் நடந்த இணையப் பொறியாளர் கூட்டத்தின் ஒலி இப்படி மூன்று கண்டங்களில் இருபது இடங்களுக்குப் போனது. எம்போன் என்று அந்த வலைக்குப் பெயர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அன்றைக்கு இருந்த பெரும்பாலான ரூட்டர்களுக்கு மல்டிகாஸ்ட் தெரியாது. ஆகவே ஆய்வகங்களில் இருந்த சாதாரணக் கணினிகளில் ஒரு மென்பொருளை ஓட்டி, அவற்றை ரூட்டர் வேடம் போடவைத்து, அவற்றுக்கிடையே சுரங்கம் தோண்டித்தான் செய்தியை அனுப்பினார்கள். நடுவர் செய்ய வேண்டிய வேலையை முனையில் இருந்தவர்களே தொடங்கிவைத்தார்கள்.

அந்த முதல் ஏற்பாட்டில் ஒரு தொல்லை. செய்தியை எல்லாப் பக்கமும் வெள்ளமாக விட்டு, ‘எங்களுக்கு வேண்டாம்’ என்று சொல்லும் கிளைகளைப் பிறகு வெட்டுவார்கள். வேண்டாம் என்று சொல்லும் பொறுப்பு கேட்காதவர் மேல். பெண்களுக்கு இது பழகிய கதை. டெபரா எஸ்ட்ரின் முன்னின்று 1990களின் நடுவில் வகுத்த பிம் என்ற நெறிமுறை இதைத் திருப்பிப்போட்டது. அதன் ஒரு வகையில், வேண்டும் என்று கேட்கிறவர் பக்கம் மட்டும் கிளை வளரும். அனுப்புகிறவரும் கேட்கிறவரும் முதலில் சந்திக்க ஒரு பொது இடம் உண்டு. இன்றும் உள்வலைகளில் மல்டிகாஸ்ட் ஓடும் இடங்களில் பெரும்பாலும் ஓடுவது இந்தக் குடும்ப நெறிமுறைகள்தான். எஸ்ட்ரினின் அம்மா தெல்மா எஸ்ட்ரின் கணினியை மருத்துவ ஆய்வுக்குக் கொண்டுவந்த முன்னோடிப் பொறியாளர். அம்மாவிடமிருந்து மகளுக்குப் போகும் கல்வியும் ஒரு வழிதான், பெயர்தான் இன்னும் வைக்கவில்லை.

இவ்வளவு நல்ல ஏற்பாடு ஏன் உலக இணையம் முழுக்கப் பரவவில்லை? சத்திரம் நடத்துநரின் கஷ்டம்தான் காரணம். ஒவ்வொரு குழுவுக்கும் ரூட்டர் தனி நினைவு வைக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் குழு முகவரிக்கு எதை வேண்டுமானாலும் அனுப்பலாம் என்பதால் பாதுகாப்புச் சிக்கல். அனுப்பியவர் ஒரு படிக்குத்தான் காசு கொடுக்கிறார், ஆயிரம் படி எடுத்தவருக்கு யார் கொடுப்பது என்ற கணக்குச் சிக்கல். இணையச் சேவை நிறுவனங்கள் தங்கள் எல்லைக்குள் வேண்டுமானால் வைத்துக்கொண்டன, எல்லை தாண்டித் திறந்துவிடவில்லை. 1980களிலேயே சால்ட்சர், ரீட், கிளார்க் மூவரும் எழுதிய புகழ்பெற்ற வாதம் ஒன்று இருக்கிறது: முனைகளில் சரியாகச் செய்யக்கூடியதை நடுவில் திணிக்காதே, நடு எளிமையாக இருக்கட்டும் என்று. மல்டிகாஸ்ட் அந்த வாதத்தின் முன்னால் குற்றவாளிக் கூண்டில் நின்றது.

நடுவர் மறுத்தபோது முனைகள் என்ன செய்ய முடியும் என்பதற்கு முதல் தடயம், இந்தச் சண்டையின் நேர் வழியில் இல்லாத ஒரு கட்டுரையில் எனக்குக் கிடைத்தது. 1995இல் வந்தது, எழுதிய ஐவரில் முதல் பெயர் சாலி ஃப்ளாய்ட், கடைசிப் பெயர் லிசியா ஜாங். ஃப்ளாய்ட் சமூகவியல் படித்தவர். பிறகு மின்னணுவியல் கற்று, சான் பிரான்சிஸ்கோ வட்டார ரயில்களின் கணினிகளைப் பராமரிக்கும் வேலையில் இருந்து, அதற்கப்புறம்தான் கணினியியலில் முனைவர் பட்டம் வாங்கினார். 2019இல் காலமானார். ஜாங், சீனப் பண்பாட்டுப் புரட்சியில் பள்ளிகள் மூடப்பட்டபோது வயலில் டிராக்டர் ஓட்டியவர். ரயிலும் டிராக்டரும் ஓடிய கைகள் எழுதிய கட்டுரை என்று என் மாணவிகளிடம் சொல்வேன். படிப்பு தடைப்பட்டவர்கள் அவர்களில் நிறைய.

அந்தக் கட்டுரையின் கேள்வி இது: குழுவில் ஐநூறு பேருக்கு அனுப்பிய செய்தி நூறு பேருக்கு வந்து சேரவில்லை. நூறு பேரும் அனுப்பியவரிடமே போய்க் கேட்டால் அவர் மூச்சுத் திணறிவிடுவார். அவர்கள் சொன்ன வழி, வகுப்பறையில் நோட்ஸ் விட்டுப்போன பெண் செய்வதுதான். குழுவைப் பார்த்துப் பொதுவாகக் கேள். கேட்பதற்கு முன் கொஞ்சம் பொறு. உனக்கு முன்னால் வேறொருத்தி கேட்டுவிட்டால் நீ பேசாமல் இரு. யாரிடம் அந்தப் பக்கம் இருக்கிறதோ, அவள் பதில் சொல்லட்டும். ஆசிரியரே சொல்ல வேண்டியதில்லை. அவளும் சொல்வதற்கு முன் கொஞ்சம் பொறுக்க வேண்டும், வேறொருத்தி சொல்லிவிட்டால் விட்டுவிடலாம். செய்தியைச் சுமந்தவை இன்னும் ரூட்டர்கள்தான். ஆனால் விட்டுப்போனதைச் சரிசெய்யும் பொறுப்பு முனைகளுக்கு, அதிலும் முனைகள் எல்லோருக்கும் பொதுவாக, வந்துவிட்டது.

அடுத்த அடி 2000இல். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் யாங்-ஹுவா சூ, சஞ்சய் ராவ், ஹுய் ஜாங் ஆகியோர், ரூட்டர்களை விட்டுவிடுங்கள், படியெடுப்பது முழுவதையும் முனைக்கணினிகளே செய்யட்டும் என்று வாதிட்டுக் கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் தங்கள் நெறிமுறைக்கு வைத்த பெயர் ‘நாரதா’. படித்தபோது சத்தமாகச் சிரித்துவிட்டேன். மூன்று உலகத்துக்கும் செய்தி சுமக்கிறவர், எந்த அரசனின் தூதரும் அல்லாதவர், பெயர் பொருத்தம்தான்.

நாரதாவில் முனைகள் முதலில் ஒருவரோடொருவர் நட்பு வலை ஒன்றைப் பின்னிக்கொள்ளும். அந்த வலையில் யார் யாருக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு தாமதம் என்று அடிக்கடி அளந்து பார்த்து, பயன் தராத இணைப்பை விட்டு, நல்ல இணைப்பைச் சேர்த்துக்கொள்ளும். அந்த வலைமேல் மரம் வளரும். இந்த வழிக்கு என்ன விலை என்பதை அவர்கள் மறைக்கவில்லை. இரண்டு அளவுகோல்களால் அளந்தார்கள். ஒரே கம்பியின் மேல் ஒரே செய்தி எத்தனை தடவை போகிறது என்பது ஒன்று, நேர் வழியைவிட எவ்வளவு சுற்றிப் போகிறது என்பது மற்றொன்று. பாலத்தை எத்தனை முறை கடக்கிறது, கடைசி வீட்டுக்கு எவ்வளவு தாமதம் என்று நாம் சத்திரத்தில் கேட்ட அதே இரண்டு கேள்விகள். பத்துகள், நூறுகள் என்று இருக்கும் சிறு குழுவுக்கு இந்த விலை தாங்கக்கூடியதே என்று காட்டினார்கள். ஒவ்வொருவரும் மற்ற எல்லோரையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பதால் அதற்கு மேல் நாரதா வளராது. பல்லாயிரம் பேருக்கு வளரும் வழியை 2001இலும் 2002இலும் வேறு பலர் கண்டார்கள். சில்வியா ரத்னசாமி பெர்க்லியில் ஆய்வு மாணவியாக இருந்தபோது உருவாக்கிய கேன் என்ற அமைப்பின் மேல் கட்டியது அவற்றில் ஒன்று.

கார்னகி மெலன் குழு இதை மாநாடுகளை நேரலையாக ஒளிபரப்ப உண்மையிலேயே பயன்படுத்தியது. அந்த அனுபவத்தில் தெரிந்த ஒரு விஷயம் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது. பார்க்க வந்தவர்களில் கணிசமானோர் ஃபயர்வால் என்ற காவல் சுவருக்குப் பின்னாலோ, ஒரே முகவரியைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் வீட்டுப் பெட்டிக்குப் பின்னாலோ இருந்தார்கள். அவர்களால் வெளியே போய்ச் செய்தியை வாங்கிக்கொள்ள முடியும்; ஆனால் வெளியிலிருந்து ஒருவர் அவர்களை நேரே அழைக்க முடியாது. வேறு பலருக்கு இறக்கும் வேகம் அதிகம், ஏற்றும் வேகம் சொற்பம். கேட்கலாம், சொல்ல முடியாது. தனக்கென்று எண் இல்லாமல் வீட்டுக்கு ஒரு போன், அதுவும் அப்பா சட்டைப்பையில் என்று வாழும் பெண்ணின் நிலையைப் பொறியியல் மொழியில் யாரோ எழுதிவைத்தது போல இருந்தது. முனைகள் எல்லாம் சமம் என்று வரைபடத்தில் போடுவது எளிது. ஒவ்வொரு முனையும் எந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது என்று வரைபடம் காட்டாது.

நடுவில் இருப்பவர் சுமப்பதா, முனையில் இருப்பவர் சுமப்பதா என்ற கேள்வி நம் ஊரில் கணினிக்கு முன்பே இருந்தது. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் உறவுக்கார ஊர்களுக்கெல்லாம் நடந்துபோய்ச் சேதி சொல்லும் வேலை தலித் மக்கள்மேல் சாதிக் கடமையாகச் சுமத்தப்பட்டிருந்தது. ஊரார் அழுதுகொண்டிருக்க, வெயிலில் ஊர் ஊராகப் போனவர்கள் அவர்கள். வலைப்பின்னலின் நடு என்பது எப்போதும் நிறுவனத்தின் இயந்திரம் அல்ல. சில இடங்களில் அது கூலியற்ற மனிதர்களின் கால்கள். அந்தக் கால்கள் ‘இனி மாட்டோம்’ என்று நின்றபோதுதான் சேதி சொல்வது ஒரு வேலை என்று மற்றவர்களுக்குத் தெரிந்தது. ரூட்டர் மறுத்ததும் கால்கள் மறுத்ததும் ஒன்றல்ல. முன்னது லாபக் கணக்கு, பின்னது மானக் கணக்கு.

முனைகள் சுமந்ததற்கும் நமக்கு ஒரு பழைய சான்று உண்டு. என் பள்ளிப் பருவத்தில் வீட்டுக்குத் தபால் அட்டைகள் வரும். இன்ன கோயிலில் ஒரு அதிசயம் நடந்தது, இதைப் படித்தவர் பத்து பேருக்கு எழுதி அனுப்பவும், அனுப்பியவருக்குப் புதையல், கிழித்துப்போட்டவருக்கு ரத்தம் கக்கிச் சாவு. தபால் துறைக்கு அது ஒரு சாதாரண அட்டை. படியெடுத்தவர் பெறுநரே. எங்கள் தெருவில் அந்தப் பத்து அட்டைகளையும் எழுதி முடித்தது பெரும்பாலும் பெண்களும் பெண் பிள்ளைகளும்தான். குடும்பத்துக்கு வரும் கேட்டைத் தடுப்பது அவர்கள் பொறுப்பாயிற்றே. மல்டிகாஸ்ட் வரலாற்றில் முனைகள் ஏன் உழைக்க வேண்டும் என்ற கேள்விக்குப் பொறியாளர்கள் பல பதில் தேடினார்கள். பயமும் ஒரு பதில் என்று அந்த அட்டையை எழுதியவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த அட்டையின் பேத்திதான் வாட்ஸ்அப் ஃபார்வர்ட். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், குலதெய்வக் கோயிலுக்குக் காரில் போன குடும்பத்தில் இருந்த 65 வயது மூதாட்டி, வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி அதற்கு முன்பே கைபேசி கைபேசியாக அந்த வட்டாரத்தில் பரவியிருந்தது. கூட்டம் அவரை அடித்தே கொன்றது. உடன் வந்தவர்களும் படுகாயமடைந்தார்கள். அந்த வதந்தியை எந்தத் தொலைக்காட்சியும் ஒளிபரப்பவில்லை. ஒவ்வொரு முனையும் தனக்கு வேண்டியவர்களுக்கு, அக்கறையின் பெயரால், படியெடுத்து அனுப்பியது. பிள்ளைகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பியவர்களில் அம்மாக்கள் இருந்திருக்க மாட்டார்களா என்று என்னை நானே கேட்டுக்கொள்கிறேன். குழந்தைக்கு இனிப்பு நீட்டிய ஒரு பாட்டியின் கைக்கு இன்னொரு பெண்ணின் பயம் எமனாக வந்திருக்கலாம் என்பது பெண்ணியக் கட்டுரை எழுதுகிறவளுக்குச் சுகமான யோசனை அல்ல. ஆனாலும் யோசிக்கத்தான் வேண்டும்.

நாடெங்கும் இப்படிக் கொலைகள் நடந்தபிறகு, 2018 ஜூலையில் அந்த நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாது என்று வரம்பு வைத்தது. 2020 ஏப்ரலில், ஏற்கெனவே பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒரே உரையாடலுக்குத்தான் அனுப்பலாம் என்று சுருக்கியது. மரத்தின் மொழியில் இது கிளைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு. ஐந்து ஐந்தாகப் பிரிந்தாலும் ஐந்தாவது அடுக்கில் 3,125 பேர். எல்லா அடுக்கையும் கூட்டினால் 3,905. அந்த ஐந்தில் ஒன்று குழுவாக இருந்தால் கணக்கு இன்னும் எகிறும். வரம்பு வேகத்தைக் குறைக்கும், விரலைத் தடுக்காது.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். நடுவில் நியாயமான படியெடுப்பு இருந்தால் முனைகளுக்கு எவ்வளவு நல்லது என்பதற்குத் தேசியப் பங்குச் சந்தை ஓர் எடுத்துக்காட்டு. அங்கே விலை விவரங்களை ஒவ்வொரு தரகருக்கும் தனித்தனியாக, இணைந்த வரிசையில் ஒருவர்பின் ஒருவராக அனுப்பும் ஏற்பாடு இருந்தது. காலையில் முதலில் இணைந்தவருக்கு முதலில் செய்தி. இது சமவாய்ப்பு அல்ல என்பது பின்னால் செபி விசாரணைவரை போய், 2019இல் உத்தரவும் வந்தது. 2014 முதலே சந்தை மல்டிகாஸ்டுக்கு மாறத் தொடங்கியிருந்தது. பணம் இருக்கும் இடத்தில் நடுவர் படியெடுக்கத் தயங்குவதில்லை, பாருங்கள். ரத்னசாமியும் 2006இல் வேறிருவரோடு சேர்ந்து, ரூட்டர் வழி மல்டிகாஸ்டை இவ்வளவு சீக்கிரம் கைகழுவ வேண்டுமா என்று திரும்பக் கேட்டு, இன்னும் எளிய ஒரு வடிவத்தை முன்வைத்தார். முனைகளின் பக்கம் நின்று கட்டியவரே நடுவின் பக்கம் போய்ப் பார்த்தது எனக்குப் பிடித்திருக்கிறது. கடைசியில் இன்று நாம் கைபேசியில் பார்க்கும் கிரிக்கெட்டும் சினிமாவும் பெரும்பாலும் இரண்டு வழியிலும் வருவதில்லை. பெருநிறுவனங்கள் ஊருக்கு ஊர் வைத்திருக்கும் சேமிப்புக் கணினிகளிலிருந்து ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் படியாக வருகின்றன. படியெடுக்கும் வேலையைக் காசு கொடுத்து வாங்கிவிட்டார்கள்.

காசு கொடுத்து வாங்க முடியாத இடங்களில் இன்னும் முனைகள்தான். ஆனால் மரத்துக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. கிளை பிரியும் இடத்தில் நிற்பவர்கள் சுமக்கிறார்கள். இலையாக இருப்பவர்கள் வாங்கிக்கொள்வதோடு சரி. இரண்டிரண்டாகப் பிரியும் மரத்தில் ஏறக்குறையப் பாதிப்பேர் இலைகள். கிளையில் நிற்பவர் விழுந்தால் அவருக்குக் கீழே எல்லோரும் விழுவார்கள். 2003இல் வந்த ஸ்ப்ளிட்ஸ்ட்ரீம் என்ற அமைப்பு இந்த அநியாயத்தை நேராகப் பார்த்தது. அதை எழுதிய அறுவரில் ஒருவர் ஆன்-மாரி கெர்மாரெக் என்ற பிரெஞ்சுப் பெண். அவர்கள் செய்தது இது: செய்தியைப் பல இழைகளாகப் பிரி. ஒவ்வொரு இழைக்கும் ஒரு தனி மரம். ஒரு மரத்தில் கிளையாக நிற்பவர் மற்ற மரங்களில் இலையாக இருக்கட்டும். எல்லோரும் ஒரு நேரம் சுமப்பார்கள், மற்ற நேரம் இளைப்பாறுவார்கள். அவரவர் தெம்புக்கு ஏற்பச் சுமையைக் கூட்டவோ குறைக்கவோ இடமும் உண்டு. வீட்டு வேலைப் பங்கீடு பற்றி நாம் எழுதிய எத்தனையோ பக்கங்களை இந்த ஒரு படம் சொல்லிவிடுகிறது.

இந்தக் கட்டுரையைப் படிக்காமலேயே இதைக் கண்டுபிடித்தவர்களை எனக்குத் தெரியும். 2020 ஊரடங்கில் என் இரண்டாமாண்டு மாணவிகள். பாதிப்பேர் வீட்டில் ஒரு போன்தான். அதுவும் தம்பியின் ஆன்லைன் வகுப்பு முடிந்தபிறகுதான் கைக்கு வரும். தொடக்கத்தில் ஒரே ஒரு பெண், வீட்டில் வைஃபை இருந்தவள், எல்லா ஒலிப்பதிவையும் இறக்கி, சுருக்கி, சின்னச் சின்னத் துண்டாக்கி மற்றவர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். அவள் பாட்டிக்குத் தொற்று வந்த வாரத்தில் மொத்த வகுப்பும் நின்றது. அதற்குப் பிறகு அவர்கள் ஒரு அட்டவணை போட்டார்கள். இலக்கணம் ஒருத்தி, சங்க இலக்கியம் ஒருத்தி, நாடகம் ஒருத்தி, கணினித் தமிழ் ஒருத்தி. தனக்கு வந்த தாளைக் கேட்டு அனுப்புவது மட்டும் அவள் பாரம். மற்றவை அவளுக்கு வந்து சேரும். ரீசார்ஜ் தீரும் தேதியையும் பக்கத்துக் கட்டத்தில் எழுதி, அந்த வாரம் யார் மாற்று என்றும் குறித்திருந்தார்கள்.

போனே இல்லாத ஒருத்திக்கும் அட்டவணையில் ஒரு கட்டம் இருந்தது. பக்கத்து வீட்டுப் போனில் வாரத்துக்கு ஒருநாள் கேட்பாள். அவளிடம் கொடுத்திருந்தது செய்யுள். மனப்பாடமாகக் கேட்டு, பொருளோடு நோட்டில் எழுதிவைப்பாள். செப்டம்பர் 1ஆம் தேதி மாவட்டத்துக்குள் பேருந்து ஓடத் தொடங்கியதும் அந்த நோட்டு கிளம்பியது. முதல் பக்கத்தில் அவள் எழுதியிருந்தாள்: படியெடுத்தவர்கள் கீழே பேரும் தேதியும் போடவும். எனக்கு அது வந்தபோது பதினொரு பெயர்கள் இருந்தன.